போனதெல்லாம் நீரா?

திருஷ்டி கழித்து முடித்ததும் கல்லுப்பையும் காய்ந்த மிளகாயையும் அடுப்பில் போடுவார்கள். உப்பு படபடவென்று வெடிக்கும். கண்ணேறு கழிந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் திருப்தியோடு எழுந்து போவார்கள். வேதியியல் தெரிந்தவருக்கு அந்தச் சத்தத்தில் வேறொரு கேள்வி இருக்கிறது. நம் வெப்பநிலையில் விளையும் சோடியம் குளோரைடு படிகத்தின் அடுக்கமைப்பில் நீர் மூலக்கூறுக்கு இடமே கிடையாது. அப்படியானால் வெடிப்பது எது? உப்பளத்துப் பாத்தியில் படிகம் வளரும்போது உப்புநீரின் நுண்துளிகள் உள்ளே சிறைப்பட்டுவிடுகின்றன. சூடேறியதும் அந்தத் துளி ஆவியாகி, படிகத்தைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது.

அதே கல்லுப்பை ஒரு பீங்கான் மூசையில் இட்டு எடை பார்த்து, நன்றாகச் சூடாக்கி, மறுபடி எடை பாருங்கள். எடை குறைந்திருக்கும். சிறைப்பட்ட நீர் கொஞ்சம் போயிருக்கும். வெடிப்பில் துள்ளி வெளியே விழுந்த உப்புத்துகளும் கொஞ்சம் போயிருக்கும். குறைந்த எடை முழுவதையும் படிக நீர் என்று எழுதிக்கொண்டால், சோடியம் குளோரைடும் நீரேறிய உப்பு என்று முடிவாகிவிடும். தராசில் பழுதில்லை, பெருக்கல் வகுத்தலில் பழுதில்லை, முடிவு மட்டும் பொய்.

எவ்வளவு போயிற்று என்பதைத் தராசு சொல்லும். போனது எது என்பதைச் சொல்லாது. நீரேறிய உப்புகளில் நீரை அளப்பதில் வரும் பிழைகள் பலவும் இந்த ஓர் இடைவெளியில்தான் குடியிருக்கின்றன.

நீரேறிய உப்புகளைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடை போதும். மயில்துத்தம், அன்னபேதி, படிகாரம், வெங்காரம் எல்லாம் அந்த வகையே. கையில் எடுத்தால் உலர்ந்த கல். ஆனால் ஒரு கிலோ படிகாரத்தில் 456 கிராம் நீர். துணி துவைக்கும் சலவைச் சோடா, படிகமாக இருக்கும்போது, கிலோவுக்கு 630 கிராம் நீர். இந்த நீர் ஈரமாக ஒட்டியிருப்பதல்ல. படிகத்தின் கட்டுமானத்தில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் குறித்த இடம் உண்டு. ஓர் உப்பு அலகுக்கு இத்தனை நீர் என்ற முழு எண் கணக்கு உண்டு. சித்த மருத்துவத்தில் வெங்காரத்தைச் சுத்தி செய்வது என்றால் சட்டியில் இட்டுப் பொரிப்பது. அது பொங்கிப் பொங்கி எழுந்து வெள்ளைப் பஞ்சாக அடங்குவது, உள்ளிருக்கும் பத்து நீரை இழக்கும் காட்சி.

அந்த முழு எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனை எல்லா நாட்டு மாணவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூசையைச் சுட்டு, ஆறவைத்து எடை பார்ப்பது. அதில் மயில்துத்தம், அதாவது நீரேறிய காப்பர் சல்பேட், இட்டு எடை பார்ப்பது. நீலம் வெளிறி வெண்பொடியாகும்வரை சூடாக்கி, ஆறவைத்து, மீண்டும் எடை. 2.50 கிராம் எடுத்தால் 1.60 கிராம் வெண்பொடி மிஞ்ச வேண்டும், 0.90 கிராம் போக வேண்டும். முன்னதை நீரற்ற உப்பின் மூலக்கூறு எடையான 159.6ஆலும் பின்னதை நீரின் மூலக்கூறு எடையான 18ஆலும் வகுத்து ஒப்பிட்டால் ஒன்றுக்கு ஐந்து.

இப்போது இந்தக் கணக்கை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துப் பார்ப்போம். சூடு போதாமல் 0.10 கிராம் நீர் உள்ளேயே தங்கிவிட்டது என்று வையுங்கள். எடுத்த எடையில் அது 4 சதவீதம். விடையோ 4.2 ஆகிறது; முழு எண்ணாக்கினால் 4. நான்கு சதவீதப் பிழை பதினாறு சதவீதமாக ஊதிவிட்டது. தங்கிய நீர் கட்சி மாறிய ஓட்டு மாதிரி: நீரின் கணக்கில் ஒன்று குறைகிறது, அதே ஒன்று உப்பின் கணக்கில் கூடுகிறது. தொகுதி சிறுத்து, பகுதி பெருத்து, விகிதம் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. எதிர்த்திசையிலும் இதே கதை. கல்லுப்பு போலவே மயில்துத்தமும் அவசரமாகச் சூடேற்றினால் துள்ளும். 0.05 கிராம் வெண்பொடி மூசைக்கு வெளியே போனால் விடை 5.4ஐத் தாண்டும்.

இன்னும் சுவையான கணக்கு ஒன்று. ஐந்து நீரில் ஒரே ஒரு நீர் மட்டும் எல்லா அலகுகளிலும் தங்கிவிட்டால் விடை என்ன வரும்? நான்கு என்று தோன்றும். வராது, 3.6 வரும். மிஞ்சியது நீரற்ற உப்பு என்று நம்பி 159.6ஆல் வகுக்கிறோம், அங்கே இருப்பதோ ஒற்றை நீருள்ள உப்பு. ஆகவே 3.6 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்தால் அதைக் கைத்தவறு என்று ஒதுக்க வேண்டாம். பிழை எங்கே நடந்தது என்ற துப்பு அந்த எண்ணிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு நீர் தங்குவது கற்பனையும் அல்ல. 1912இல் மியூனிக்கில் எக்ஸ் கதிர்களைப் படிகம் ஒன்று சிதறடித்துக் காட்டியது. அப்படிக் காட்டிய முதல் படிகம் இதே மயில்துத்தம்தான். அதன் உள்ளமைப்பை 1934இல் பீவர்ஸும் லிப்சனும் வெளியிட்டார்கள். ஐந்து நீரும் சமமானவை அல்ல என்று அதில் தெரிந்தது. நான்கு நீர் தாமிர அயனியைச் சதுரமாகச் சுற்றி நிற்கின்றன. ஐந்தாவது தாமிரத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்புகளால் சல்பேட்டுகளுக்கு இடையில் பிடிபட்டிருக்கிறது. சூடேற்றினால் இரண்டு, இன்னும் இரண்டு, கடைசியில் ஒன்று என்று படிப்படியாக நீர் வெளியேறுகிறது. நான்கு நீர் போவதற்கு 100 டிகிரிக்குச் சற்று மேலே போனால் போதும். கடைசி நீர் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கேட்கிறது. ஒவ்வொரு படியின் பிடிப்பையும் நீராவி அழுத்தமாக அளக்கலாம். 50 டிகிரியில் முதல் படிக்குச் சுமார் 47 மில்லிமீட்டர் பாதரசம், அடுத்ததற்கு 30, கடைசி நீருக்கு வெறும் 4.5.

இங்கேதான் ஆய்வுக்கூடத்தின் மிக மரியாதையான விதி ஒன்று ஏமாற்றுகிறது. சூடாக்கு, ஆறவை, எடை பார். மறுபடி சூடாக்கு, ஆறவை, எடை பார். அடுத்தடுத்த இரண்டு எடைகளும் ஒன்றாக வரும்வரை விடாதே. மாறா எடை வந்துவிட்டால் நீர் முழுதும் போய்விட்டது என்பது பாடம். மயில்துத்தத்தை 110 டிகிரி அடுப்பில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்து குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். இன்னொரு நாள் வைத்தாலும் அதே எடை. ஒற்றை நீருள்ள உப்பு அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. மாறா எடை வந்ததற்குக் காரணம், அந்த வெப்பநிலையில் அதற்கு மேல் மாற எதுவும் இல்லை என்பது மட்டுமே. விதியில் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது எந்த வெப்பநிலையில் என்ற சொல் இல்லாமல் மனப்பாடம் ஆவதில் இருக்கும் ஆபத்தைப் பாடப்புத்தகங்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

மாணவர் மட்டும்தான் இதில் வழுக்குவார் என்றில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் தாமிரத்தின் அணு எடை 63.3க்கு அருகே என்று கருதப்பட்டது. கிடைத்த வழிகளில் ஒன்று, தாமிர ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடை இழப்பைப் பார்ப்பது. இன்னொன்று, நீரற்ற காப்பர் சல்பேட்டை எடை பார்த்து, அதிலுள்ள தாமிரத்தைப் பிரித்து எடை பார்ப்பது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகள், விடையோ ஒத்துப்போயிற்று. இதைவிட நம்பகமான நிலை வேறு என்ன வேண்டும்?

ஹார்வர்டில் தியடோர் ரிச்சர்ட்ஸ் என்ற இளைஞர் வேறு வழிகளில் அளந்தபோது எண் 63.6க்குப் பக்கத்தில் வந்தது. இரண்டு பழைய வழிகளையும் அவர் துருவிப் பார்த்தார். ஆக்சைடில் வாயு சிக்கியிருந்தது. அது வெளியேறியதும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்திருந்தது. சல்பேட்டில், நீரற்றது என்று எண்ணி எடை பார்த்த வெண்பொடியில், இன்னும் துளி நீர் ஒளிந்திருந்தது. அதை விரட்ட மேலும் வெப்பம் வேண்டியிருந்தது. இரண்டு பிழைகளும் தாமிரத்தின் எண்ணை ஒரே பக்கம், கீழே, இழுத்தன. அதனால்தான் ஒத்துப்போயின. ஆயிரத்தில் ஒரு பங்கு நீர் தங்கினாலே சல்பேட் வழியில் தாமிரத்தின் அணு எடை 0.1 குறைந்துவிடும் என்பதைக் காகிதத்தில் போட்டே பார்த்துக்கொள்ளலாம். இன்றைய மதிப்பு 63.546. அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காக ரிச்சர்ட்ஸுக்கு 1914ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் கிடைத்தது. உலர்த்திய உப்பைக் காற்றே படாமல் எடைப்புட்டிக்குள் தள்ளி மூடும் ஒரு கண்ணாடிக் கருவியையும் அவர் உருவாக்கிக்கொண்டார். உப்பை உலர்த்துவது பாதி வேலை. தராசுத் தட்டுவரை அதை உலர்ந்ததாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மீதிப் பாதி நம் ஊரில் இன்னும் கடினம். கடலோர நகரத்தின் ஐப்பசி மாதக் காற்றில், நீரற்ற காப்பர் சல்பேட்டைத் திறந்து வைத்தால் அது வெறும் பொடியாக இராது. ஈரத்தைத் தேடி உறிஞ்சும் கருவியாகிவிடும். வெண்மையில் இளநீலம் படர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எடை ஏறும், கணக்கில் நீர் குறையும். சரி, ஆறும்வரை காத்திராமல் சூட்டோடு எடை பார்த்துவிடலாமா? அது எதிர்த்திசைப் பிழை. 25 மில்லிலிட்டர் மூசை 60 டிகிரியில் இருந்தால், அதற்குள் இருக்கும் காற்று விரிந்து மெலிந்து, அது மட்டுமே சுமார் 3 மில்லிகிராம் எடையைக் குறைத்துக் காட்டும். மூசையைச் சுற்றி மேலெழும் சூடான காற்றோட்டம் தட்டைத் தூக்குவது தனி. எடை குறைவாகத் தெரிந்தால் நீர் அதிகம் போனதாகக் கணக்காகும். பொறுமையில்லாதவர் கொஞ்சம் சூட்டிலும் கொஞ்சம் ஈரத்திலும் எடை பார்த்து, இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று தின்றுவிட, மிகச் சரியான விடையோடு வெளியே வருவதும் உண்டு.

ஈரம் படாமல் ஆறக் காத்திருக்க ஓர் இடம் டெசிகேட்டர் என்ற மூடிய பாத்திரம். அதன் அடியில் இருக்கும் நீல சிலிக்கா ஜெல் நம்மிடம் ஒரு வேடிக்கை காட்டுகிறது. சிலிக்காவுக்கு நிறம் கிடையாது. நீலம் அதில் ஏற்றிய கோபால்ட் குளோரைடுடையது. அதுவும் நீரேறும் உப்புதான். நீரற்றபோது நீலம், ஆறு நீர் ஏறினால் இளஞ்சிவப்பு. ஓர் உப்பின் நீரை அளக்க இன்னோர் உப்பின் நீரைக் காவலுக்கு வைக்கிறோம். கோபால்ட் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் ஆரஞ்சு நிற ஜெல் இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக வருகிறது. டெசிகேட்டர் எல்லாருக்கும் நண்பனும் அல்ல. எடை பார்க்குமுன் ஈரம் போகட்டும் என்று சலவைச் சோடாப் படிகத்தை அதில் வைத்தால், ஒட்டிய ஈரத்தோடு படிக நீரும் கிளம்பிவிடும்.

சோதனை தொடங்குமுன்பே உப்பு மாறியிருக்கலாம் என்பது பலருக்கும் உறைப்பதில்லை. புட்டியின் மேல் பத்து நீர் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது அச்சைப் படித்ததில்லை. உலர்ந்த காற்றில் சலவைச் சோடா உப்புப் பூத்துப் பொடியாகி, ஒரு நீருள்ள உப்பாக இறங்கிவிடும். அப்படி இறங்கியதன் ஒரு கிலோவில் உண்மையான சோடா, பத்து நீருள்ள படிகத்தின் ஒரு கிலோவைவிட 2.3 மடங்கு. எடை போட்டுக் கரைசல் தயாரிக்கிறவர் கதி என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழுதற்ற படிகம் பூக்காமல் நெடுநாள் நிற்கும், ஒரு கீறல் விழுந்துவிட்டால் அங்கிருந்து பூப்பு பரவும் என்று பாரடே 1830களிலேயே கவனித்திருக்கிறார். ஆகவே நன்றாக அரைத்த பொடி, பெரிய படிகம் இரண்டிலும் ஒரே வெப்பம் ஒரே வேலையைச் செய்யாது. பெரிய படிகத்தில், அது விளைந்த தாய்க்கரைசல் சிறைப்பட்டிருக்கும். அரைத்த பொடியில் அரைக்கும்போதே நீர் கொஞ்சம் போயிருக்கும். எதைத் தேர்ந்தாலும் ஒரு விலை உண்டு.

இவை எல்லாவற்றிலும் போனது பெரும்பாலும் நீர்தான். இனி வருவது வேறு ஜாதி. காப்பர் சல்பேட்டை 200 டிகிரியோடு விடாமல் 600 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் வெண்பொடி ஓரங்களில் கறுக்கும். சல்பர் டிரையாக்சைடு கிளம்புகிறது, மிஞ்சுவது தாமிர ஆக்சைடு. உப்பில் இருபதில் ஒரு பங்கு இப்படிச் சிதைந்தாலே விடை 5.4க்குப் பக்கம் போகும். பன்சன் பர்னரின் சுடர் 600 டிகிரியை எளிதாகத் தாண்டக்கூடியது என்பதால் இது அன்றாடம் நடப்பதே. அன்னபேதி, அதாவது நீரேறிய இரும்பு சல்பேட், இன்னும் குழப்பக்காரன். சூடாகும்போது நீரை இழக்கிறது, அதே நேரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. பிறகு கந்தகத்தின் இரண்டு ஆக்சைடுகளையும் விட்டுவிட்டுச் செம்பொடியாகிறது. இழப்பும் வரவும் ஒரே மூசையில் நடக்கும்போது தராசு காட்டுவது நிகரத்தை மட்டும்.

எல்லாரையும்விட மெக்னீசியம் குளோரைடு மோசம். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீரில் நிறைந்திருப்பது இது. மழைக்காலத்தில் கல்லுப்பு கசிவதற்கும் பெரும்பாலும் இதன் எச்சமே காரணம். ஆறு நீருள்ள படிகம். முதல் சில நீர் போனதும், மிச்ச நீர் வெளியேறுவதற்குப் பதிலாக உப்பையே தாக்குகிறது. ஹைட்ரஜன் குளோரைடு கிளம்புகிறது. விடாமல் சுட்டால் கடைசியில் மெக்னீசியம் ஆக்சைடுதான் மிஞ்சும். அதை நீரற்ற மெக்னீசியம் குளோரைடு என்று நம்பிக் கணக்குப் போட்டால் ஓர் அலகுக்கு 21 நீர் வரும். மூசைக்கு மேல் மூக்கைக் காட்டினால் போதும், எரிச்சலே காட்டிக்கொடுத்துவிடும். தராசுக்கு மூக்கு இல்லை. இந்த உப்பை உண்மையிலேயே நீரற்றதாக்க வேண்டுமானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை ஓடவிட்டு, அந்தச் சூழலில் சூடாக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் மெக்னீசியத்தின் அணு எடைக்காகச் செய்தது அதைத்தான்.

ஜிப்சத்தில் பிரச்சினை வேறு மாதிரி. சுண்ணாம்பின் சல்பேட்டான இது எடையில் 20.9 சதவீதம் படிக நீர். 1765இல் 21 வயது லவாய்சியர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் படித்த முதல் கட்டுரை இதைப் பற்றியது. சூடாக்கினால் நீர் போய்ப் பிளாஸ்டராகிறது, அதே நீரைத் திரும்பக் கொடுத்தால் இறுகிக் கல்லாகிறது என்று அவர் காட்டினார். ஜிப்சத்தின் கெடுபிடி என்னவென்றால், அதன் படிக நீர் வெகு சீக்கிரம் கிளம்பிவிடும். மண்ணின் ஈரப்பதத்தை அளக்க 105 முதல் 110 டிகிரி அடுப்பில் வைப்பது உலக வழக்கம். மண்ணில் ஜிப்சம் கலந்திருந்தால் அந்தச் சூட்டில் ஈரத்தோடு படிக நீரும் போய், உலர்ந்த மண் ஈர மண்ணாகக் கணக்கில் ஏறும். அதனால் அத்தகைய மண்ணை 80 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை. ஜிப்சத்தையே பரிசோதிக்கிறவர்கள் 45 டிகிரியில் ஒட்டிய ஈரத்தையும், பிறகு 215 முதல் 230 டிகிரிக்குள் படிக நீரையும் தனித்தனியாக விரட்டி, இரண்டு இழப்புகளைத் தனித்தனியாக எழுதுகிறார்கள். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளில் இது ஏட்டுக் கவலை இல்லை. கிளிங்கரோடு சேர்த்து அரைக்கும் ஜிப்சம், ஆலையின் சூட்டில் பாதி வழியில் பிளாஸ்டராகிவிட்டால், சிமெண்ட் நீர் ஊற்றிய சில நிமிடங்களிலேயே பொய்யாக இறுகிக் கொத்தனாரைத் திட்டவைக்கும்.

சரி, இழப்பை அளக்காமல் நீரையே நேராகப் பிடித்தால்? யேலில் சாமுவேல் பென்ஃபீல்டு 1894இல் செய்தது கிட்டத்தட்ட அது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் கனிமத்தைச் சுட்டு, வெளிவரும் நீரைக் குழாயின் குளிர்ந்த பகுதியில் படியவைத்து, அந்த நீரை எடை பார்த்தார். கனிமவியலாளர்கள் நெடுங்காலம் அந்தக் குழாயை விடவில்லை.

1935இல் ஜெர்மானியரான கார்ல் ஃபிஷர் எடையையே விட்டுவிட்டார். அயோடினும் சல்பர் டையாக்சைடும் நீர் இருந்தால் மட்டுமே ஒன்றோடொன்று வினைபுரியும் ஒரு கரைசலைத் தயாரித்து, எவ்வளவு அயோடின் செலவானது என்பதிலிருந்து நீரைக் கணக்கிட்டார். பெட்ரோலியம் தொடங்கி மாத்திரைவரை இன்று ஈரம் அளக்கும் உலகின் முதல் கருவி அதுவே. அதைச் சரிபார்க்கும் அளவுகோலாக இருப்பதும் ஒரு நீரேறிய உப்புதான்: 15.66 சதவீதம் நீருள்ள சோடியம் டார்ட்ரேட். காற்றில் பூக்கவும் செய்யாது, கசியவும் செய்யாது. அந்த நல்ல குணத்துக்குக் கிடைத்த வேலை.

ஃபிஷர் முறைக்கு மூக்கு இருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் அதற்கும் சளி பிடிக்கும். மயில்துத்தத்தையே அதில் போட்டுப் பாருங்கள். தாமிர அயனி அங்கிருக்கும் அயோடைடை அயோடினாக மாற்றிவிடும். செலவாக வேண்டிய அயோடின் இலவசமாகக் கிடைப்பதால் நீர் குறைவாகத் தெரியும். இருக்கும் நீரை மறைக்கும் தாமிரத்துக்கு எதிர்ப்புறம், கார்பனேட்டுகளும் ஹைட்ராக்சைடுகளும் இல்லாத நீரைப் படைத்துக் காட்டும். கரைசலிலுள்ள அமிலத்தோடு வினைபுரிந்து அவை புதிதாக நீரை உண்டாக்கும்.

ஜப்பானில் கோதாரோ ஹோண்டா 1915இல் அமைத்த வெப்பத்தராசு, சூடேறும்போதே எடையைத் தொடர்ந்து பதிவு செய்தது. படிகளும் சமதளங்களும் கண்ணுக்குத் தெரிந்தன. மாறா எடை எந்த வெப்பநிலையில் மாறாதது என்ற கேள்விக்கு ஒரு கோட்டுப்படம் கிடைத்தது. ஆனால் அந்தப் படிகளின் வெப்பநிலை உப்பின் பிறவிக்குணம் என்று நினைத்தால் மறுபடி வழுக்கல். நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏற்றுகிறோம், பொடி எவ்வளவு, மூசைக்கு மூடி உண்டா என்பதையெல்லாம் பொறுத்துப் படி நகரும். மூடி இருந்தால் வெளியேறிய நீராவியே உப்பைச் சூழ்ந்துகொண்டு அடுத்த நீரைத் தடுக்கும். சிலவேளை தலைகீழாகவும் நடக்கும்: 1930களில் ஸ்மித், டாப்லி இருவரும் கண்டபடி, சில உப்புகளில் முழு வெற்றிடத்தைவிடச் சிறிது நீராவி இருக்கும்போது நீரிழப்பு வேகமாகிறது. விளைபொருள் ஒழுங்காகப் படிகமாக அந்த நீராவி உதவி, நீர் வெளியேற வழி திறந்துவிடுகிறது.

கருவிகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, ஆய்வுக்கூடத்தின் மிகப் பழைய பிழைமூலத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அது முன்கூட்டியே தெரிந்த விடை. ஐந்து என்று எல்லாருக்கும் தெரியும். 4.6 வந்தவர் மறுபடி சூடாக்குவார், 5.0 வந்தவர் அடுப்பை அணைத்துவிடுவார். இன்னும் ஒருமுறை சுட்டிருந்தால் 5.2 ஆகியிருக்குமா என்று அவர் பார்ப்பதில்லை. சில பதிவேடுகளில் கணக்கு கீழிருந்து மேலே எழுதப்பட்டிருப்பது ஆசிரியர்களுக்கும் தெரியும். தேர்வுக்குப் பெயர் தெரியாத உப்பைக் கொடுத்தால் இந்த நோய் பாதி தீரும் என்பது என் எண்ணம். பேரியம் குளோரைடு நல்ல தேர்வு: இரண்டே நீர், காற்றில் நிலையாக நிற்கும். நச்சு என்பதால் கவனம் மட்டும் வேண்டும்.

விடை தெரியாத உப்பில் என்ன நடக்கும் என்பதற்கு 1837இல் தொடங்கிய ஒரு கதை இருக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை செய்த கார்ல் ஜூலியஸ் ஃப்ரிட்சே, பின்னாளில் அவுரி நீலத்திலிருந்து கிடைத்த பொருளுக்கு அனிலின் என்று பெயரிட்டவர், மெக்னீசியம் சல்பேட் கரைசலைக் கடுங்குளிரில் வைத்துப் புதிய படிகம் ஒன்றைப் பெற்றார். மருந்துக்கடை எப்சம் உப்புக்கு ஏழு நீர். இதற்குப் பன்னிரண்டு என்று அவர் அறிவித்தார். ஃப்ரிட்சேயின் உப்பு என்ற பெயரோடு பன்னிரண்டு நீர் நூல்களில் ஏறி, ஏறக்குறைய 170 ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

2006இல் கனடாவின் பீட்டர்சன், வாங் இருவரும் அந்தப் படிகத்தை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். நீர் பதினொன்று. ஃப்ரிட்சேயைக் குறைசொல்ல முடியாத அளவுக்கு அந்த உப்பு தந்திரமானது. பதினொரு நீருள்ள உப்பில் நீர் எடையில் 62.2 சதவீதம், பன்னிரண்டு என்றால் 64.2. வெறும் இரண்டு சதவீத வித்தியாசம். ஒரு நீரா இரண்டு நீரா என்று கேட்டிருந்தால் 13 சதவீதத்துக்கும் 23 சதவீதத்துக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும், எவரும் சொல்லிவிடலாம். நீரின் எண்ணிக்கை ஏற ஏற அடுத்தடுத்த எண்கள் நெருங்கிக்கொண்டே போகின்றன. இந்தப் படிகமோ 2 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே எப்சம் உப்பும் கரைசலுமாகக் குலைந்துவிடும். ஆகவே தாய்க்கரைசலின் ஈரம் போக வெதுவெதுப்பில் உலர்த்தவும் வழியில்லை. 100 கிராம் படிகத்தில் 6 கிராம் நீர் ஒட்டியிருந்தால் போதும், பதினொன்று பன்னிரண்டாகிவிடும். எக்ஸ் கதிர் எடை பார்ப்பதில்லை. படிகக் கட்டுமானத்துக்குள் நீர் உட்கார்ந்திருக்கும் இடங்களைக் காட்டுகிறது. மேலே ஒட்டிய ஈரத்துக்கு அங்கே இடம் கிடையாது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் உப்பு ஏரிகளில் குளிர்காலத்தில் இது இயற்கையாகவே விளைவது தெரிந்து, 2007இல் கனிமமாக ஏற்கப்பட்டது. மெரிடியானைட் என்ற பெயர் செவ்வாய்க் கோளின் மெரிடியானி சமவெளியிலிருந்து வந்தது. 2004இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி இறங்கி, சல்பேட் நிறைந்த பாறைகளைக் கண்ட இடம் அது. செவ்வாயின் சல்பேட்டுகளில் எவ்வளவு நீர் பூட்டிக்கிடக்கிறது என்பது இப்போது பெரிய கேள்வி. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியில் சிறு அடுப்பு ஒன்று இருக்கிறது. பாறைத்தூளைச் சுட்டு, கிளம்பும் வாயுக்களைப் பக்கத்திலுள்ள நிறைமாலைமானிக்கு அனுப்பி, நீரா, சல்பர் டையாக்சைடா, கார்பன் டையாக்சைடா என்று பிரித்தறிகிறது. தராசால் சொல்ல முடியாததை அது சொல்கிறது.

2022இல் கனைமா என்று பெயரிட்ட இடத்தில் துளையிட்டு எடுத்த தூளை ஊர்தியின் எக்ஸ் கதிர் கருவி பார்த்தபோது, நான்கு நீருள்ள மெக்னீசியம் சல்பேட்டின் தடயம் தெளிவாகத் தெரிந்தது. வெளியே உறைகுளிர், ஊர்தியின் உள்ளேயோ அதைவிட வெதுவெதுப்பு, காற்றும் உலர்ந்தது. அதே தூளைப் பிந்தைய அளவீடுகளில் பார்த்தபோது அந்தத் தடயம் மங்கிப்போயிருந்தது. கருவிக்குள் காத்திருந்த நேரத்தில் உப்பு தன் நீரை இழந்து, படிக ஒழுங்கையும் இழந்துவிட்டிருந்தது.